தானாக இருளும் கார் கண்ணாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோ டிம்மிங் மிரர் என்பது என்ன?

இரவில் பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் உங்கள் ரியர்வியூ மிரரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் அல்லவா? அப்போது தானாகவே கருத்து, அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும் கண்ணாடி இது. வெளிச்சம் விலகியதும் பழையபடி தெளிந்துவிடும். கார் கம்பெனிகளின் கையேட்டில் 'எலக்ட்ரோகுரோமிக் ஐ.ஆர்.வி.எம்.' என்று போட்டிருந்தால் அதுவும் இதுதான். எலக்ட்ரோகுரோமிக் என்றால் மின்சாரத்தால் நிறம் மாறுவது. ஐ.ஆர்.வி.எம். என்றால் காருக்குள் நடுவில் தொங்குவது; ஓ.ஆர்.வி.எம். என்றால் கதவுகளில் இருக்கும் சைடு மிரர்கள்.

எதிரே ஹை பீமில் வருகிறவரின் வெளிச்சத்தையும் இது குறைக்குமா?

குறைக்காது. அந்த வெளிச்சம் முன் கண்ணாடி வழியாக நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. மிரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஷோரூமில் "நைட் டிரைவிங்குக்கு சூப்பர் சார்" என்று சொல்லும்போது இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு உண்மையான தலைவலி எதிர் வெளிச்சம்தான். அதற்கு மருந்து இதில் கிடையாது. நான்கு வழிச்சாலையில், பின்னால் ஒரு பெரிய எஸ்யூவி விடாமல் ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

சாதாரண மிரரின் அடியில் ஒரு சின்ன லீவர் இருக்கிறதே, அது என்ன செய்கிறது?

பலர் அதைத் தொட்டதே இல்லை. சிலர் அது மிரரைக் கழற்றுவதற்கு என்று நினைத்திருக்கிறார்கள்!

அந்தக் கண்ணாடி ஒரே தடிமன் கொண்டதல்ல. மேல் பக்கம் தடித்து, கீழ்ப் பக்கம் மெலிந்து, ஆப்பு வடிவில் இருக்கும். பின்புறத்தில் வெள்ளிப் பூச்சு. பகலில் நாம் பார்ப்பது அந்தப் பூச்சு திருப்பி அனுப்பும் பிம்பத்தை. ஆனால் எந்தக் கண்ணாடியிலும் முன் பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், ஏறக்குறைய 4 சதவீதம். லீவரைத் தட்டினால் மிரர் சில டிகிரி சாய்கிறது. வெள்ளிப் பூச்சின் பளீர் பிம்பம் கூரையைப் பார்த்துப் போய்விடுகிறது; முன் பரப்பின் மங்கலான 4 சதவீதம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வருகிறது. ஹெட்லைட் எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் கூசாது.

மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. இவ்வளவு மலிவாக இவ்வளவு நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு காரில் வேறு அதிகம் இல்லை என்பது என் கருத்து.

அப்படியானால் தானியங்கி எதற்கு? கையால் தட்டினால் போதாதா?

பெரும்பாலும் போதும். ஆனால் லீவருக்கு இரண்டே நிலைகள்தான். இரவு நிலையில் வைத்துவிட்டால், பின்னால் வண்டியே இல்லாதபோதும் மிரர் மங்கலாகவே இருக்கும். லைட் போடாமல் வரும் சைக்கிளோ மாட்டு வண்டியோ அதில் தெரியவே தெரியாது. தானியங்கி மிரர் தேவையான அளவுக்கு மட்டும் கருக்கும்: தூரத்தில் ஒரு கார் என்றால் கொஞ்சம், ஒட்டி வரும் லாரி என்றால் முழுசாக.

அப்புறம், கை லீவருக்குப் போகும் அந்தக் கணத்துக்குள் கண் கூசிவிட்டிருக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளீர் வெளிச்சம் பட்டால் அது மறுபடி பழக நேரம் எடுக்கும். முழு இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம்கூட ஆகும். சாலையில் அவ்வளவு இருட்டு கிடையாது என்றாலும், கூசியபின் சில விநாடிகள் ஓரத்தில் நடக்கிறவர் தெரியாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

கண்ணாடி எப்படித் தானாகக் கருக்கிறது? உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு திரவம் அல்லது ஜெல். சுற்றிலும் பிசின் வைத்து அடைத்திருப்பார்கள். தகடுகளின் உட்பக்கத்தில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கும். முன் தகட்டில் அது கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்ஸைடு. மொபைல் தொடுதிரையில் இருக்கும் அதே பொருள்தான்.

ஜெல்லில் இரண்டு வகை மூலக்கூறுகள் கரைந்திருக்கும். ஒன்று எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வகை. வயாலஜன் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று எலக்ட்ரானைக் கொடுக்கும் வகை, ஃபெனசின் குடும்பம். சும்மா இருக்கும்போது இரண்டுக்கும் நிறம் ஏறக்குறைய இல்லை. ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் போதும். ஒரு பக்கத்தில் வயாலஜன் எலக்ட்ரானை வாங்கி நிறம் மாறும். எதிர்ப்பக்கத்தில் ஃபெனசின் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிறம் மாறும். இரண்டு நிறமும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் அந்தக் கருநீலம், கரும்பச்சை.

ஒளி இந்த ஜெல்லை ஒருமுறை அல்ல, இருமுறை கடக்கிறது என்பதையும் கவனியுங்கள். உள்ளே போகும்போது ஒருமுறை, பின்னாலுள்ள பூச்சில் பட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை. அதனால்தான் இவ்வளவு மெல்லிய படலம் இவ்வளவு வெளிச்சத்தை விழுங்க முடிகிறது.

மின்சாரம் போய்விட்டால் கருப்பாகவே நின்றுவிடுமா?

நிற்காது. இந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது. நிறம் மாறிய இரண்டு வகை மூலக்கூறுகளும் அதே ஜெல்லுக்குள் அலைந்து நடுவில் சந்திக்கின்றன. சந்தித்ததும் வாங்கிய எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துப் பழையபடி நிறமற்றவையாகிவிடுகின்றன. கருப்பாக வைத்திருக்க வேண்டுமானால் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தானே தெளியும். ஃபியூஸ் போனாலும் ஒயர் அறுந்தாலும் உங்களிடம் மிஞ்சுவது ஒரு சாதாரண மிரர். கூசும், ஆனால் பின்னால் என்ன வருகிறது என்று தெரியும்.

எப்போது கருக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு ஒளி உணரிகள். ஒன்று மிரரின் முதுகில், முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும்; வெளியே பகலா இரவா என்று அது பார்க்கிறது. இன்னொன்று உங்களைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். பின்னாலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அது பார்க்கிறது. முன்னால் இருட்டு, பின்னால் பளீர் என்றால் கருக்கும். பகலில் இரண்டு பக்கமும் வெளிச்சம் என்பதால் சும்மா இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டால் உணரி என்ன சொன்னாலும் தெளிந்துவிடும்படி இணைத்திருப்பார்கள்.

முழுக் கருப்பாக ஆக்கினால் என்ன? கூச்சமே இருக்காதே!

அப்புறம் அது மிரராகவே இருக்காது. வாகன மிரர்களுக்கான ஐ.நா. விதி எண் 46 இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. பகல், இரவு என்று இரண்டு நிலை உள்ள மிரர், இரவு நிலையிலும் குறைந்தது 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். எலக்ட்ரோகுரோமிக் மிரர்கள் பொதுவாக அதற்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. தானாக இயங்கும் மிரர் என்ற ஆசை பழையது. 1950-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் கிரைஸ்லர் 'மிரர்மேட்டிக்' என்ற ஒன்றைக் கூடுதல் வசதியாக விற்றது. வெளிச்சத்தை உணர்ந்து, மேலே சொன்ன ஆப்புக் கண்ணாடியைத் தானே சாய்க்கும். அதாவது லீவரைத் தட்டும் வேலையை ஒரு மின்சாதனம் செய்தது, அவ்வளவுதான்.

மின்சாரத்தால் நிறம் மாறும் பொருள்கள் தனி வழியில் வளர்ந்தன. 1969-இல் எஸ்.கே. தேப் என்ற ஆய்வாளர் டங்ஸ்டன் ஆக்ஸைடு படலம் மின்சாரத்தால் நீலமாவதைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் இணைத்துக் கடைக்குக் கொண்டுவந்தது ஜென்டெக்ஸ் என்ற நிறுவனம். மிச்சிகன் மாநிலத்தில் ஜீலண்ட் என்ற சிறிய ஊரில், 1974-இல் ஃபிரெட் பாவர் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்தது கார் சாமான் அல்ல, புகை எச்சரிக்கைக் கருவி. அதுவும் ஒளியைக் கொண்டு புகையைக் கண்டுபிடிக்கும் வகை. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை மலிவான உணரியால் அளக்கும் வித்தை கையில் இருந்ததால், மிரர் பக்கம் திரும்பினார்கள். 1982-இல் அவர்கள் கொண்டுவந்த முதல் மிரரும் மோட்டார் வைத்துச் சாய்க்கும் வகைதான். 1987-இல்தான் எலக்ட்ரோகுரோமிக் மிரர் வந்தது. ஹார்லன் பைக்கர் என்ற வேதியியலாளர், தானே தெளிந்துவிடும் அந்தக் கரைசலை உருவாக்கியது இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம். பின்னாளில் அதே நிறுவனம் இதே சரக்கை விமானத்துக்கும் கொண்டுபோனது. போயிங் 787-இல் ஜன்னலுக்கு இழுத்து மூடும் திரை கிடையாது. பட்டனை அழுத்தினால் ஜன்னலே நீலமாக இருளும். கார் மிரரில் சில விநாடி ஆவது, அங்கே பரப்பு பெரிது என்பதால் நிமிடக் கணக்கில் ஆகும்.

உள்ளே இருக்கும் மிரர் கருக்கிறது; ஆனால் சைடு மிரரில் கூசுகிறதே?

கூசத்தான் செய்யும். நம் ஊரில் விற்கும் நடுத்தர விலைக் கார்களில், மேல் வேரியன்ட்டிலும்கூட, உள் மிரர் மட்டும்தான் பெரும்பாலும் கருக்கும். சைடு மிரர்களிலும் இந்த வசதி வேண்டுமென்றால் பெரும்பாலும் சொகுசுக் கார் பக்கம் போக வேண்டும். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. உள் மிரருக்காவது லீவர் என்ற மாற்று இருக்கிறது. சைடு மிரருக்கு லீவர் கிடையாது, அதை மங்கலாக்க வேறு எந்த வழியும் கிடையாது. போதாததற்கு வலதுபக்க மிரர் நம் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வலது லேனில் பின்னால் ஒருவர் ஹை பீமோடு வந்தால் அது வலது கண்ணிலேயே வந்து குத்தும்.

ஆனால் காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது: சைடு மிரர்களை இன்னும் வெளியே திருப்பி வைப்பது. ஜார்ஜ் பிளாட்ஸர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். நம் வலதுபக்க ஸ்டியரிங்குக்கு ஏற்றபடி சொல்கிறேன். தலையை வலதுபக்க ஜன்னலை ஒட்டும் அளவுக்குச் சாய்த்துக்கொண்டு, உங்கள் காரின் பின் ஓரம் இம்மியளவு மட்டும் தெரியும்படி வலது மிரரை வெளியே திருப்புங்கள். பிறகு தலையை இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே கொண்டுவந்து, அதே மாதிரி இடது மிரரைத் திருப்புங்கள். நேராக உட்கார்ந்தால் இப்போது உங்கள் கார் எந்த சைடு மிரரிலும் தெரியாது.

இதில் இரண்டு லாபம். நேர் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் சைடு மிரர் வழியாகக் கண்ணுக்கு வராது. அந்த வண்டியை உள் மிரர் பார்த்துக்கொள்ளும், அங்கேதான் கருக்கும் வசதி இருக்கிறது. இரண்டாவது, பக்கத்து லேனில் மறைந்து வரும் பைக் இப்போது தெரியும். முதல் சில நாள் "என்ன, என் காரே தெரியவில்லையே" என்று தடுமாற்றமாக இருக்கும். சந்தில் பார்க்கிங் செய்யும்போது மிரரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பின் சீட்டு முழுக்க ஆட்கள், கூரை வரை மூட்டை என்று ஊருக்குக் கிளம்பினால் இந்த முறை வேண்டாம். உள் மிரரில் எதுவும் தெரியாதபோது நேர் பின்னால் பார்க்க சைடு மிரர்தான் கதி.

என் காரில் இது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இக்னிஷனை ஆன் செய்யுங்கள். மிரரின் முதுகிலுள்ள உணரியை விரலால் மூடுங்கள். உங்களைப் பார்க்கும் பக்கத்திலுள்ள சின்ன உணரியின் மீது மொபைல் டார்ச்சை அடியுங்கள். சில விநாடிகளில் கருக்க வேண்டும். டார்ச்சை எடுத்தால் தெளிய வேண்டும். தெளிவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கலாம். ஒன்றும் நடக்கவில்லையென்றால் முதலில் பட்டனைப் பாருங்கள். பல மிரர்களில் ஆன், ஆஃப் பட்டன் உண்டு, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். துடைக்கும்போது யாராவது அழுத்தி அணைத்திருப்பார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். யாரும் பார்க்காத இடம் இது.

பகலிலேயே மிரர் கருப்பாக இருக்கிறது. ரிப்பேரா?

இருக்கலாம். ஆனால் சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் மிரரின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஃபாஸ்டேக்கை ரியர்வியூ மிரருக்குப் பின்னால் முன் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறார்கள். அந்த உணரிக்கு நேரே ஒட்டிவிட்டால் அதைப் பொறுத்தவரை எப்போதுமே இரவுதான். பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சத்தை ஹெட்லைட் என்று நினைத்துக் கருத்துவிடும். டேஷ்கேம் மாட்டியிருந்தாலும், சாமி படம், மணி, கயிறு என்று எதையாவது தொங்கவிட்டிருந்தாலும் இதே கதை.

எதிர்மாறாகவும் நடக்கும். மிரரின் மேல் அகலமான இன்னொரு கண்ணாடியைக் கிளிப் போட்டு மாட்டுகிறவர்கள், நம்மைப் பார்க்கும் பக்கத்திலுள்ள உணரியை மறைத்துவிடுகிறார்கள். அப்புறம் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் கருக்காது. கருத்தாலும் பயனில்லை, நீங்கள் பார்ப்பது கிளிப் கண்ணாடியைத்தானே! பின் கண்ணாடியில் அடர்த்தியான ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் உணரிக்கு வரும் வெளிச்சம் குறையும். அந்த அளவு அடர்த்தி சட்டப்படியும் தவறு: மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும் பக்க ஜன்னல் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும்.

ஓரத்தில் கறை மாதிரி பரவுகிறது, நடுவில் குமிழி தெரிகிறது. சரிசெய்ய முடியுமா?

முடியாது. அடைப்பு விட்டுப்போய் உள்ளிருக்கும் ஜெல் கசிகிறது அல்லது காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். வருடக்கணக்காக வெயிலில் நின்ற வண்டிகளில் பார்க்கலாம். திரும்ப ஜெல் நிரப்பும் வேலையெல்லாம் கிடையாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். கசியும் திரவம் டேஷ்போர்டையும் பெயின்ட்டையும் அரிக்கக்கூடியது. கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். மிரர் உடைந்தாலும் இதேதான்.

எப்படித் துடைப்பது?

கிளீனரை மிரரில் நேராக அடிக்காதீர்கள். அது ஓரம் வழியாக உள்ளே இறங்கும். துணியில் அடித்துத் துடையுங்கள். உணரியின் மேலுள்ள தூசியையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

என் காரில் இல்லை. வெளியே வாங்கி மாட்டலாமா?

உள் மிரரை மாட்டலாம். அதற்கு இக்னிஷன் லைன், எர்த், ரிவர்ஸ் சிக்னல் என்று மூன்று இணைப்புகள் வேண்டும். ரிவர்ஸ் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மாட்டித் தருகிறவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டி ஒட்டவிடாதீர்கள். மேல் வேரியன்ட்டின் மிரரை வாங்கி, கம்பெனி கனெக்டரிலேயே மாட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சைடு மிரர் அவ்வளவு எளிதல்ல. வெளிக் கண்ணாடிகளில் பொதுவாக உணரி கிடையாது. உள் மிரர் சொல்வதைத்தான் அவை கேட்கும். ஆகவே உள்ளே அதற்கான மிரரும், கதவு வரை ஒயரும் வேண்டும்.

நீல நிறத்தில் 'ஆன்ட்டி கிளேர்' ஸ்டிக்கர், கண்ணாடி விற்கிறார்களே?

அது எப்போதுமே கொஞ்சம் கருப்பாக இருக்கும் கண்ணாடி. கூச்சம் ஓரளவு குறையும், உண்மைதான். ஆனால் பின்னால் யாரும் இல்லாதபோதும் அதே மங்கல்தான். ஸ்டிக்கர் என்றால் பிம்பமும் நெளியும். நான் வாங்கமாட்டேன்.

வயதான அப்பா இரவில் ஓட்டுகிறார். அவருக்கு இது உதவுமா?

இளைஞர்களைவிட அவருக்குத்தான் அதிகம் உதவும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கும். ஹெட்லைட்டைச் சுற்றி வட்டம் தெரிவதாகப் பெரியவர்கள் சொல்வது அதனால்தான். கூசியபின் பார்வை திரும்பவும் அவர்களுக்கு நேரம் ஆகும். ஆனால் கூச்சம் புதிதாக அதிகமாகியிருந்தால் மிரர் பார்க்கும் முன் கண் டாக்டரைப் பாருங்கள். கண்புரையின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

இதற்காகவே மேல் வேரியன்ட் வாங்கலாமா?

இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். வேரியன்ட் விலை வித்தியாசத்தில் இந்த மிரரின் பங்கு சின்னது. மீதிக் காசு சன்ரூஃபுக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் போகிறது. வாரத்துக்கு இரண்டு முறை இரவில் சென்னை, மதுரை என்று நான்கு வழிச்சாலையில் போய்வருகிறவர் என்றால் யோசிக்கலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு லீவர் தாராளம். எப்படியும் ஒரு டெஸ்ட் டிரைவ் இருட்டிய பிறகு கேளுங்கள். பெரும்பாலான ஷோரூம்கள் மாலை ஆறு மணியோடு முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், கொஞ்சம் வற்புறுத்த வேண்டியிருக்கும்.